ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும்

என் மகள் அயர்லாந்துக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்ச நாள் அவளோடு இருந்துவிட்டு வரலாம் என்றுதான் சென்னைக்குப் போனேன். எங்கள் ஊர்ச் செங்கம் ரோட்டில் நான் வாடகைக்கு விடும் அறைகளின் சாவிக்கொத்தை எதிர்க்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டு அவ்வளவு ஆசையாகப் போனேன். போன அன்றைக்கே எனக்கு ஒரு வேலை வைத்தாள்.

“அம்மா, நான் ஏர்போர்ட் உள்ள போனதும் நீ தனியாதான் இந்த வீட்டுக்குத் திரும்பி வரணும். காலி பண்ணி மாடி வீட்டம்மாகிட்ட சாவியக் கொடுத்துட்டு ஊருக்குப் போகணும். அதனால இப்பவே மெட்ரோவுல போய் வந்து பழகிக்கோ.”

“ஏன், ஆட்டோவுல வர மாட்டனா?”

“அவன் ஜாஸ்தி கேப்பான். நீ ரோட்லயே சண்டை போடுவ. எனக்கு ப்ளைட்ல நிம்மதியே இருக்காது.”

அதுவும் சரிதான், நான் சண்டை போடுகிற ஆள்தான். ஆனாலும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் மலையைச் சுற்ற எந்தெந்த நாட்டிலிருந்தோ வருகிறவனுக்கெல்லாம் வழி சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவள் நான். எனக்கு இவள் வழி சொல்லித் தருகிறாளாம்!

வழி ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வடபழனியில் ஏறி, ஆலந்தூரில் இறங்கி, வேறு நடைமேடைக்குப் போய் விமான நிலைய வண்டியைப் பிடிக்க வேண்டும். திரும்பும்போதும் அதே ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும். ஒரு பயண அட்டையைக் கையில் கொடுத்து, நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் போனிலேயே தெரிகிற மாதிரி என் போனில் எதையோ அமுக்கிவிட்டு, அலுவலகம் போய்விட்டாள்.

முதல் தடவை நான் நிஜமாகவே கோட்டை விட்டேன். எதிரில் ஒரு குழந்தை முகத்தைக் கோணிக் கோணிப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஆலந்தூரை விட்டுவிட்டேன். கதவு மூடிய பிறகும் பதற்றமில்லை. எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிற ரோட்டில் எங்கே பஸ் ஏறினாலும், பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். இதுவும் சுற்றிக்கொண்டு வரும் என்றுதான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். பரங்கிமலையில் எல்லாரும் இறங்கினார்கள். “கடைசி ஸ்டேஷன்மா, இறங்குங்க” என்று காவலாளி சொன்னபோதுதான் அவசரமாக எழுந்து இறங்கினேன்.

போன் அடித்தது.

“எங்கம்மா போற நீ? அங்க ஏன் போன?”

“அது சுத்திக்கிட்டு வரும்னு நினைச்சேன்டி.”

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அலுவலகத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “மெட்ரோ என்ன கிரிவலமாம்மா போவுது?” என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் “அங்கேயே பெஞ்சுல உட்காரு, அடுத்த வண்டி வரட்டும்” என்று சொல்லிவிட்டு, வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். வேலையைத்தான் விடப்போகிறோமே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். மேலதிகாரி அழுமூஞ்சி என்பது, அந்த ஊர்க் குளிர், அங்கே எடுத்திருக்கும் அறையில் ஜன்னல் சின்னது என்பது என்று எல்லாம் வந்தது. வடபழனி வந்து சேரும்வரை பேசினாள்.

வீட்டில் இப்படி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ராத்திரி வந்ததும் காதில் மாட்டிக்கொள்வாள், மடிக்கணினியைத் திறப்பாள், தோசையைத் தட்டில் போட்டால் பார்க்காமலே சாப்பிடுவாள். “இன்னொண்ணு போடட்டா?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த ஒற்றை அறையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், ஊரில் பூட்டிய அறைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு. பெற்ற பெண்ணோடு பேச நான் பரங்கிமலை வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அதனால் மறுநாளும் போனேன். இந்தத் தடவை ஆலந்தூர் வந்தது நன்றாகவே தெரிந்தது. சிரிப்பை அடக்க வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. “மறுபடியும் விட்டுட்டேன்டி” என்றேன். “ஐயோ அம்மா!” என்று அலுத்துக்கொண்டு, பேச ஆரம்பித்தாள்.

அப்புறம் தினம் இதே பிழைப்பாகிவிட்டது. தப்பாகப் போவதற்கும் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. திரும்பும்போது ஆலந்தூரை விட்டால் வண்டி சைதாப்பேட்டை பக்கம் பூமிக்கடியில் போய்விடும், குரல் விட்டு விட்டுக் கேட்கும். அதனால் அந்தப் பக்கம் தொலைவதே இல்லை. அவள் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துக் கிளம்பி, பரங்கிமலையில்தான் தொலைவேன். வழி பழகிவிட்டேன் என்று தெரிந்தால் போன் நின்றுவிடும், அவளும் கவலையில்லாமல் கிளம்பிவிடுவாள் என்று எனக்குப் பயம். நாள் நெருங்க நெருங்க இன்னும் அசடாகிக்கொண்டே போனேன்.

ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, “எனக்குப் பயமா இருக்கும்மா, யாரையும் தெரியாது அங்க” என்றாள். போகாதே என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ. “போனா பழகிடும்டி” என்றுதான் சொன்னேன். சொன்ன வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

கிளம்பும் அன்று காலையில் பெட்டிகளோடு டாக்சியில் போனோம். விமான நிலைய வாசலுக்கு மேல் என்னை விடமாட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது காதோடு சொன்னாள்: “அம்மா, இன்னிக்கு மட்டும் ஆலந்தூர்ல ஒழுங்கா இறங்கிடு. என்னால போன் எடுக்க முடியாது.”

எனக்குச் சுருக்கென்றது. “உனக்கு எப்படி...?”

“ரெண்டாவது நாளே தெரியும். வழி தெரியாதவ தினம் அதே பெஞ்சுலயா போய் உட்காருவா?”

“ஏன்டி சொல்லல?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் முதுகு மறைகிறவரை நின்றேன். அப்புறம் நிற்க அங்கே எனக்கு ஒன்றும் இல்லை.

வண்டி ஏறினேன். ஆலந்தூர் என்று சொன்னதும் முதல் ஆளாக எழுந்து கதவருகில் நின்றேன். இறங்கினேன், மாறினேன், வடபழனியில் இறங்கினேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன், அது அடிக்காது என்று தெரிந்தும். பெருக்கித் துடைத்து வைத்திருந்த அந்த வீட்டில் என் பை மட்டும் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்ட மாடி வீட்டம்மா, “பரவாயில்லையே, தனியாவே கரெக்டா வந்துட்டீங்களே!” என்று மெச்சினார். எனக்கு அடக்க முடியவில்லை, அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அந்த அம்மா பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “என்னாச்சு, வழியில ஏதாவது தொலைச்சிட்டீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை, சரியாக வந்து சேர்ந்துவிட்டேன், அதுதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?