விளையாட்டில் பார்த்த துவக்கு

பாரிசில், ரூ பஜோல் தெருவில் நாங்கள் ஐந்து பேர் இருந்த அறைக்கு அந்த வீடியோ விளையாட்டுப் பெட்டி குப்பையிலிருந்துதான் வந்தது. வீடு மாறிப் போகிற யாரோ மெத்தை, கதிரை, உடைந்த விளக்கு என்று நடைபாதையில் போட்டிருந்தார்கள். நான் மெத்தைக்காகத்தான் போனேன். அது மழையில் ஊறிக் கிடந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே ஒரே ஒரு இசைத்தட்டு மாதிரியான தட்டு. பழைய விளையாட்டு. ஒருவன் பாழடைந்த கோட்டைகளிலும் துறைமுகங்களிலும் ஓடி, ஏறி, சுட்டு, ஏதோ புதையலைத் தேடுவான். கதை பிரெஞ்சில் இருந்ததால் எங்களுக்கு விளங்கவில்லை. அவனுடைய ஆயுதப் பை விளங்கியது.

ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டம் நின்று அந்தப் பை திறக்கும். துவக்குகள் ஒவ்வொன்றாகத் திரையில் மெல்லச் சுழலும். எல்லாம் உலகத்தில் உள்ள துவக்குகள். ஏ.கே.யின் மரப்பிடியில் மரத்தின் வரி தெரிந்தது. பிஸ்டலின் பிடியில் மூன்று சிறிய திருகாணிகள் தெரிந்தன. ஊரில் சோதனைச் சாவடிகளில் தலையைக் குனிந்துகொண்டு கடைக்கண்ணால் பார்த்த சாமான்களை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டு, வேண்டிய பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

அறையில் ஒருவர் மட்டும் பார்க்கமாட்டார். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். ஊரில் என்ன செய்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விளையாட்டைப் போட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அதில் சைலன்சர் பூட்டிய ஒரு பிஸ்டல் உண்டு. அது 'புஸ்' என்று சுடும். பக்கத்தில் நிற்கிற காவலாளிக்குக்கூடக் கேட்காது. ஒருநாள் அவர் திரும்பாமலே சொன்னார்:

"அது அப்பிடிச் சத்தமில்லாமல் சுடாது. விளையாட்டுக்குச் செய்து வைச்சிருக்கிறாங்கள்."

"வாத்தியார் சொல்லிட்டார், எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கோ" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஐந்து நாடு கடந்து பாரிசுக்கு வந்து, முதல் விசாரணையிலேயே அகதிக் காட் எடுத்திருந்தேன். எப்படிக் கிடைத்தது என்று எனக்கே தெரியாது. சென்ரியில் நின்ற ஆமிக்காரனின் சப்பாத்துக் கயிறு என்ன நிறம் என்று சொன்னேன், அதனால்தான் தந்தார்கள் என்று நானாக முடிவு கட்டினேன். அதையே மற்றவர்களுக்கும் சொன்னேன். தமிழர் கூடுகிற லா சப்பலில் அப்படிச் சொல்கிறவனைத் தேடித் தங்கள் கேஸோடு ஆட்கள் வருவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

பக்கத்துக் கட்டில் அண்ணைக்கு விசாரணைக் கடிதம் வந்தது. ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கே. காட் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் நாலு பேர் வீட்டுக்கு வந்து அவருடைய தம்பியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் அண்ணையின் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து பிடரியில் துவக்கை வைத்தான். போகும்போது அந்தத் துவக்கால் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு வெடி வைத்துவிட்டுப் போனான். அந்தச் சத்தத்தில் பயந்து ஒழுங்கை முழுக்க வீட்டு விளக்குகளை அணைத்தார்கள். தம்பி திரும்பி வரவில்லை. இதெல்லாம் நடந்தது. நான் கேட்ட கேஸ்களில் ஒன்றும் கூட்டாத கேஸ் அதுதான்.

"என்ன துவக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

"தெரியாது. பிடரியில வைச்சவன். குளிராய் இருந்தது. அவ்வளவுதான்."

"குளிருக்கு ஆர் காட் தருவாங்கள்? அடையாளம் கேப்பாங்களண்ணை."

"நான் அதைப் பாக்கேல்லையடாப்பா. தம்பியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அந்த ஒரு வசனம் போதும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது குறையாகப் பட்டது. பெட்டியைப் போட்டு ஆயுதப் பையைத் திறந்தேன். ஏ.கே. சுழன்றது.

"அது பெரிசு. இவன் ஒரு கையாலதான் பிடிச்சவன்" என்றார்.

பிஸ்டல்களுக்கு வந்தேன். சைலன்சர் பூட்டியது வந்தபோது நிறுத்தினேன்.

"சிவில் உடுப்பில வாறவங்கள் இதைத்தான் கொண்டு வருவாங்கள்." ஏதோ நான் பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரிச் சொன்னேன்.

"அப்பிடியோ?"

"ஓம். நல்லாய்ப் பாருங்கோ. குழாய் இவ்வளவு நீளம். பிடியில மூண்டு திருகாணி."

அவர் பஸ் தரிப்பிடங்களைப் பாடமாக்கியவர் மாதிரி, கருப்பு, குழாய், மூன்று திருகாணி என்று விரல் மடக்கிப் பாடமாக்கினார். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவர் அசையவில்லை. அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விசாரணையில் அதிகாரி தாளும் பேனையும் கொடுத்து வரையச் சொன்னாராம். அண்ணை அச்சு அசலாக வரைந்திருக்கிறார். சந்தோசமாக வந்து, ரூ காய் தெருக் கடையிலிருந்து எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொண்டுவந்தார்.

சில மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. அதற்குள் நான் பிரெஞ்சு கொஞ்சம் வாசிக்கப் பழகியிருந்ததால் என்னிடம் தந்தார். தலைக்குப் பின்னால் இருந்த ஆயுதத்தை விண்ணப்பதாரர் திருகாணி வரைக்கும் விவரிக்கிறார்; சைலன்சர் பூட்டியது என்கிறார், ஆனால் வெடிச் சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்டதாகவும் சொல்கிறார்; இது நேரில் அனுபவித்தவருடைய பேச்சாகத் தெரியவில்லை. அப்படி எழுதியிருந்தது. தம்பியைக் கொண்டுபோனதையும் சேர்த்து நம்பவில்லை.

"அந்தக் குழாயாலதான், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை."

அவர் என்னை ஏசவில்லை. "சரி. அப்பீலுக்கு மேல கோட் இருக்குத்தானே" என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வழக்கறிஞரிடம் மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன அலுவலகம். அந்த மனிதர் கோப்பைப் புரட்டிவிட்டு, இந்தத் துவக்கு விவரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு பெடியன் விளையாட்டில காட்டித் தந்தவனெண்டு சொல்லு. ஆளைச் சொல்லாதை."

சொன்னேன். வழக்கறிஞர் பேனையைக் கீழே வைத்தார். அப்படியென்றால் நல்லது, அந்த ஆள் நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, தன் காட்டின் பிரதியோடு தரட்டும், நீதிமன்றத்தில் அது பெரிய உதவி என்றார்.

அந்த மாதம் நான் நசனாலித்தேக்கு, பிரெஞ்சுக் குடியுரிமைக்கு, மனுப் போட்டிருந்தேன். பொய் சொல்லப் பழக்கினேன் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தால், என் கோப்பையும் யாராவது திறந்து பார்ப்பார்களோ என்று நினைத்தேன். நினைக்க எடுத்தது ஒரு மூச்சு நேரம்தான்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"பயத்தில குழம்பிப் போனனெண்டு கோட்டில சொல்லட்டாம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

வழக்கறிஞர் பிறகு கடிதம் கேட்டு எனக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். நான் எடுக்கவில்லை. கோட்டில் அண்ணை நான் சொன்னதையே சொன்னார். பயத்தில் குழம்பிவிட்டேன் என்று. தோற்றார்.

அவர் பாரிசுக்கு வெளியே கூசேன்வில் பக்கம் போய், தெரிந்தவர் வீட்டின் கீழ்த்தள அறையில் தங்கி, வீடுகளுக்கு வர்ணம் பூசினார். நானும் அந்த அறையில் நிலைக்கவில்லை. லியோனில் ஒரு வருடம், துலூசில் ஒரு வருடம், திரும்பவும் லா சப்பல். எங்கே போனாலும் மாதம் ஒருமுறை அவருக்குத் தொலைபேசி எடுப்பேன். சாப்பாடு, குளிர், பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கதைப்போம். மூத்தவளுக்குப் பதினெட்டு முடிந்தது. பிள்ளையென்று கூப்பிடும் வயது தாண்டிக்கொண்டிருந்தது.

என் குடியுரிமை கிடைத்த கிழமை அந்தக் கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். என்னை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற பிறகு எழுதிய கடிதம். வழக்கைத் திரும்ப எடுக்க உதவும் என்று மட்டும் சொல்லி அண்ணையைக் கூப்பிட்டேன். அதே அலுவலகத்துக்குப் போனோம்.

வழக்கறிஞர் கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் வாசித்தார். பிறகு, இதைத்தானே நான் அப்போதே கேட்டேன், ஏன் தரவில்லை என்றார். நான் வாய் திறக்க முந்தி அண்ணை பிரெஞ்சில் கேட்டார், எப்போது கேட்டீர்கள் என்று. வர்ணம் பூசுகிற இடங்களில் அவர் பிரெஞ்சு பழகிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கறிஞர் பழைய கோப்பை எடுத்து, அன்றைக்குத் தன் கையால் எழுதி வைத்திருந்த குறிப்பை வாசித்தார். பிறகு சட்டத்தை நிதானமாக விளக்கினார். வழக்கைத் திரும்ப எடுக்கப் புதிய விசயம் வேண்டும். இது அன்றைக்கே தெரிந்த விசயம். இனி இதற்குப் பெறுமதி குறைவு. நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"எனக்கு விளங்கிச்சுது" என்றார் அண்ணை.

வெளியே வந்து நிலையத்துக்கு நடந்தோம். அண்ணை பயணச் சீட்டுக்கு ரிக்கெற் மெசினுக்கு முன்னால் வரிசையில் நின்றார். காட் இல்லாதவர்கள் ஒருநாளும் ரிக்கெற் இல்லாமல் ஏறமாட்டார்கள்.

"அண்டைக்கு அவர் கேட்டதை நீ எனக்குச் சொல்லேல்லை."

"இல்லை அண்ணை."

"ஏன்?"

"எனக்கு நசனாலித்தே போட்டிருந்தது."

"கிடைச்சதுதானே?"

"ஓம்."

"சரி" என்று தலையாட்டினார். குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே அதை அறியத்தான் கேட்டாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய தொலைபேசி அடித்தது. மூத்த மகள். அவர் ஒரு காதில் அதை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ரிக்கெற்றை எடுத்தார்.

"ஓம் பிள்ளை... ஓம், போயிட்டு வந்திட்டன்... லோயர் பாப்பமெண்டு சொன்னவர். நல்ல மனிசன்... அம்மா சாப்பிட்டவவோ?"

ரிக்கெற்றைப் போட்டார். தடுப்பு திறந்தது. அந்தப் பக்கம் போனவர் திரும்பிப் பார்க்காமல், சின்னவளின் பள்ளிக்கூடச் சோதனை எப்போது என்று கேட்டபடி படியிறங்கினார். நான் இந்தப் பக்கம், அந்தக் குரல் கேட்கிற வரைக்கும் நின்றேன்.