போகும்போது கேள்வி, திரும்பும்போது பதில்

வீணையில் விரல் வைத்து அழுத்தும் மெட்டுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். இருபத்து நான்கு. நான் வீணையைத் தொட்டதுகூட இல்லை. வேளாண்மைத் துறையில் வயல் வயலாகச் சுற்றும் எனக்கு அதைச் சொன்னவர் எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர். மழை விட்ட ஒரு மதியம், திருவாரூர் சாலை. "சமணத் தீர்த்தங்கரரும் இருபத்து நாலு பேர் மேடம், வீணை மெட்டும் இருபத்து நாலு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா சேத்து வெச்சுக்கிட்டா மறக்காது பாருங்க" என்றார்.

காத்திருப்பதுதான் ஓட்டுநர் வேலையில் பாதி. நாங்கள் வயலில் இறங்கிப் பூச்சி பார்க்கும் நேரத்தில் அவர் ஸ்டீயரிங்கில் சாய்த்துவைத்துப் பொது அறிவுப் புத்தகம் படிப்பார். தேர்வு எழுதும் வயது தாண்டிப் பல வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒரு ரூபாய் நோட்டில் யாருடைய கையெழுத்து இருக்கும்? தஞ்சாவூரை மராத்தியருக்கு முன்னால் ஆண்டது யார்? ஐம்பெருங் காப்பியங்களில் முழுதாகக் கிடைக்காதவை எத்தனை? போகும்போது கேட்பார். பதிலைத் திரும்பும்போதுதான் சொல்வார். எவ்வளவு கெஞ்சினாலும் நடுவில் சொல்ல மாட்டார். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. "அண்ணே, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று பலமுறை வெட்டிப் பேசியிருக்கிறேன். "ரோடு எங்கயும் போயிடாது மேடம்" என்பார்.

போன குறுவையின்போது, கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகளையும் ஒருநாள் கூட்டிப்போனேன். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். நாற்றங்காலைப் படம் எடுக்க வரப்பிலிருந்து இறங்கியவளைப் பாம்பு கடித்துவிட்டது. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து வைக்கோல் பிரியால் காலை இறுக்கிக் கட்டப்போனார்கள். ஓட்டுநர்தான் தடுத்தார். "கட்டாதீங்கம்மா. கால ஆட்டாம தூக்கி வண்டியில படுக்க வைங்க." பயிருக்கு வரும் நோயெல்லாம் படித்த நான், அந்த நேரத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு மட்டுமே இருந்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த ஊர்க் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினைக் கழற்றி மாட்டுவார்கள், நெல் ஏற்றும் வேகன்களை முன்னும் பின்னும் தள்ளுவார்கள். முன்னால் பஸ், பின்னால் லாரி, நகர வழியில்லை. என் மடியில் தலைவைத்திருந்த மகள், "அம்மா, கண்ண தொறக்க முடியல" என்றாள். நாக்குக் குழறியது. நான் வாய்விட்டு அழுதேன்.

"மேடம், நீங்க அழுறத அவ பாக்குறா" என்றார் ஓட்டுநர், திரும்பாமல். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "பாப்பா, ஒரு ரூபாய்க்கு எத்தன அணா?" என்றார்.

"பதினாறு."

"அட, அம்மாவுக்கே தெரியாது. ரூபாய் நோட்டுக்குப் பின்னாடி கட்டத்துல எத்தன மொழி?"

"பதிமூணா?"

"தப்பு. பதில் திரும்பும்போது."

அடுத்தது, அதற்கடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனார். பௌத்தப் பிடகங்கள் எத்தனை, மேளகர்த்தா ராகங்கள் எத்தனை என்று என்னை ஏழு வருடம் படுத்தியதெல்லாம் வந்தது. அவள் பதில் சொன்னாள், பிறகு தலையை மட்டும் அசைத்தாள், பிறகு விரலைக் காட்டினாள். தெரியாததற்கெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார்: திரும்பும்போது. அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க என் அழுகை நின்றது. திரும்புவோம் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது போலும் என்று, அறிவுக்கு ஒவ்வாத ஒரு நம்பிக்கையை நான் பிடித்துக்கொண்டேன். கடைசியாக அவர் கேட்டது, வீணையின் நுனியில் எதற்காக யாளி முகம் வைத்தார்கள் என்று. அவள் விரல் அசையவில்லை. அப்போதுதான் கேட் திறந்தது.

மருந்து ஏறி, இரண்டு நாள் செயற்கை சுவாசத்தில் இருந்து, ஆறாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போக அவரே வந்தார். வழியெல்லாம் பாக்கிப் பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நோட்டில் பதினைந்து மொழி. மேளகர்த்தா எழுபத்திரண்டு.

"யாளிய விட்டுட்டீங்களே மாமா" என்றாள் மகள்.

"அது எனக்கும் தெரியாது பாப்பா."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

"தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சு. கேட் தொறக்கலயே."

அதைச் சொன்னவர் சற்றுத் தூரம் போய் வண்டியை ஓரங்கட்டினார். வாய்க்கால் மதகில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். முகம் கழுவிக்கொண்டு வந்து, "இன்ஜின் சூடாயிடுச்சு மேடம்" என்றார். சூடு காட்டும் முள் பாதிகூட ஏறியிருக்கவில்லை. "சரிண்ணே" என்றேன்.

இப்போது அவருக்குச் சீர்காழிக்கு மாற்றல். மகள் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஒருநாளைக்கு நான்கு முறை அவளுக்குப் போன் செய்கிறேன். "என்னம்மா, இப்பதான பேசுன? கிளாஸுக்குப் போகணும்மா" என்று சிடுசிடுப்பாள். இந்தச் சிடுசிடுப்பும் அவர் மீட்டுத் தந்ததுதான். அதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.