முந்நூறு கிலோ

மாலை ஐந்து மணி பத்து நிமிடம்.

வண்டிக் கடிகாரத்தில் மாஸ்டர் அன்று கடைசியாகப் பார்த்த நேரம் அது. அதற்குப் பிறகு நடந்ததை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கையில் ஒரு டேப் இருந்தால் போதும். அந்த பிக்கப் இன்றும் டிரைவிங் ஸ்கூல் வாசலில்தான் நிற்கிறது. பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பார்க்கலாம். முந்நூறு கிலோ ஏற்றிய வண்டியின் அளவு வரும். பிறகு பின்தொட்டிக்குள் எட்டிப் பார்க்கலாம். ஒரு குடை இருக்கும். வேறொன்றும் இருக்காது.

மாஸ்டர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கிளச்சு மிதிக்கக் கற்றவர்கள். ஆனால் அத்தனை வருடமும் அவர் உட்கார்ந்தது பக்கத்து இருக்கையில். காலடியில் தனக்கென்று ஒரு பிரேக். யார் ஓட்டினாலும் நிறுத்துவது அவர். பிக்கப் வாங்கி, மச்சினனின் கூட்டத்தோடு முதல் தடவை மலைச்சரிவில் ஏறப் போனபோதுதான் இது அவருக்கே உறைத்தது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நண்பர்களோடு நாலு வண்டியில் சேறு, பாறை, காட்டுப்பாதை என்று கிளம்பிவிடுவான். அன்று நாலு வண்டியும் ஏறிவிட்டன. மாஸ்டரின் கால் பிரேக்கை விட்டு எழவில்லை. முழங்கால் ஆடியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்.

"டயர் பத்தாதுடா. கம்பெனி டயர். இதுல ஏறுனா வழுக்கிட்டுப் போயிரும்."

மேலேயிருந்து யாரோ கேட்டான். "டயர் பத்தலையா, தைரியம் பத்தலையா மாஸ்டர்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

டயர் பத்தாது என்று சொல்லியாகிவிட்டது. இனி டயர் வாங்கியே ஆகவேண்டும்.

டயரும் ஸ்பிரிங்கும் மாற்றும் பட்டறை ஊர்க்கோடியில் இருந்தது. நடத்துகிறவளுக்கு ஸ்பிரிங் அக்கா என்று பெயராகிவிட்டது. அவளும் மாஸ்டரிடம் ஓட்டக் கற்றவள்தான்.

"வாங்க மாஸ்டர். அழகுக்கா, வேலைக்கா?"

"வேலைக்குத்தாம்மா."

"ரோட்டுல எவ்வளவு ஓடும், காட்டுல எவ்வளவு ஓடும்?"

காட்டுக்கு ஒரே ஒரு நாள் போயிருக்கிறார். அதிலும் அடிவாரம் வரை.

"பாதிக்குப் பாதி," என்றார்.

அவள் இரண்டு டயர்களை உருட்டி வந்து நிறுத்தினாள். ஒன்று முப்பத்தோரு அங்குலம், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது. இன்னொன்று முப்பத்துமூன்று, சேற்றுக்கென்றே செய்தது. அதன் பள்ளங்களில் கட்டைவிரல் முழுதாக நுழைந்தது.

"சின்னதுல போங்க. பெருசு போட்டா மீட்டர் வேகத்தக் கம்மியாக் காட்டும். பிரேக் பிடிக்க நேரமாகும். திருப்பும்போது மட்கார்டுல உரசும்."

"பெருசே போடும்மா."

"அப்ப வண்டியத் தூக்கணும். ரெண்டு இஞ்ச் தூக்கலாம். இப்ப ஒழுங்காப் பதில் சொல்லுங்க. பின்னாடி எவ்வளவு வெயிட் இருக்கும்? என்னிக்கோ ஒரு நாள் ஏத்தறதக் கேக்கல. எப்பவும் இருக்கறது."

பின்தொட்டியில் எப்பவும் இருப்பது ஒரு குடை.

"முந்நூறு கிலோ," என்றார் மாஸ்டர்.

"அவ்வளவு என்னத்த ஏத்துவீங்க?"

"டென்ட்டு. தண்ணி டிரம்மு. ஸ்டெப்னி ரெண்டு. கூட ஆளுங்க வருவாங்க."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "மாஸ்டர், என்கிட்ட பொய் சொல்லலாம், ஸ்பிரிங்குகிட்ட சொல்ல முடியாது. முந்நூறுக்கு ஸ்பிரிங் பட்டை போட்டுட்டுக் காலியா ஓட்டுனீங்கன்னா நடு முதுகு கழண்டு கையில வந்துரும். பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். ரோட்டுல போற அத்தனை பேருக்கும் தெரியும், காலி வண்டின்னு."

"முந்நூறுதாம்மா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ரிவர்ஸ் எடுக்க வராமல் ஒரு காலத்தில் ஸ்டீயரிங்கில் தலைவைத்து அழுதவள் அவள். 'பயந்தா வண்டி ஓட்ட முடியாதும்மா' என்று அவளை அதட்டியவர் அவர்.

இரண்டு நாளில் வண்டி தயாரானது. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நின்றது. மனைவி வாசலில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க இது, எதையோ மோந்து பாக்கற மாதிரி நிக்குது?"

வேகத்தடையில் ஏறியதும் இருவர் தலையும் கூரையில் முட்டின. அதற்கப்புறம் அவள் அதில் ஏறவில்லை. "ஏற ஸ்டூல் வேணும், எறங்க ஏணி வேணும், உக்காரத் தனியா ஒரு இடுப்பு வேணும்," என்றாள்.

மச்சினன் போன் செய்தான். "மாமா, டயர் வந்தாச்சுல்ல? இந்த வாரம் ஆத்தத் தாண்டறோம்."

ஆறு அகலமானதல்ல. தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. அடியில் உருண்டைக் கற்கள். கரையில் ஐந்து வண்டிகளும் வரிசையாக நின்றன.

"நான் கடைசியா வர்றேன்டா," என்றார் மாஸ்டர். பார்க்க ஆளில்லாத இடத்தில் பயப்படுவது சுலபம்.

மச்சினன் தயங்கினான். "எப்பவும் நான்தான் மாமா கடைசி."

"ஏன், நான் கடைசியா வந்தா வண்டி வராதா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கூட்டத்தைப் பார்த்தான். சொல்லவில்லை. வண்டியில் ஏறிவிட்டான்.

நாலு வண்டியும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் அக்கரை ஏறின. வளைவில் மறைந்தன. மாஸ்டர் முன்சக்கரங்களைத் தண்ணீரின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். கால் பிரேக்குக்குப் போனது. அங்கேயே நின்றது. முழங்கால் ஆட ஆரம்பித்தது.

வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"பின் ஷாக் அப்சார்பர்ல ஆயில் ஒழுகுதுடா. நான் திரும்பறேன்."

பதிலுக்கு இரைச்சல். இரைச்சலுக்குள் யாரோ சிரித்தார்கள். பொத்தானை அணைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து.

அப்போதுதான் கதவுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்தது.

மூன்று பேர். ஒரு ஆள், இரண்டு பெண்கள். வந்த சத்தமே கேட்கவில்லை. பெண்களில் ஒருத்தி ஜன்னலருகே வந்தாள். தூக்கிய வண்டி. முகம் தெரியவில்லை, உச்சி வகிடு மட்டும்தான் தெரிந்தது. தலை நனைந்திருந்தது. அன்று மழை இல்லை.

"அக்கரையில விட்டுட்டாப் போதும் சார்."

"பின்னாடி ஆள் ஏத்தக் கூடாதும்மா. ஸ்பிரிங் தாங்காது."

அந்த ஆள் பின்தொட்டியைப் பார்த்தான். "காலியாத்தான சார் இருக்கு."

"வெயிட்டு ஆகாதுப்பா."

"நாங்க ஒண்ணும் பெரிய வெயிட்டு இல்ல சார்," என்றாள் அவள்.

மாஸ்டர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். கண்ணாடியில் பார்த்தபோது மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். திட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. அவர் காது இரண்டும் சுட்டது.

திரும்பும் பாதை முழுக்கக் குழி. வரும்போது ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போட்ட வண்டி இப்போது வழுக்கிக்கொண்டு போனது. பட்டை பழகிவிட்டது என்று நினைத்தார். காசு வீண்போகவில்லை என்றுகூட நினைத்தார்.

ரோட்டுக்கு வந்ததும் இருட்டியது. விளக்கைப் போட்டார். எதிரே வந்த லாரி பளிச் பளிச்சென்று விளக்கை அடித்தது. அடுத்து ஒரு கார். அதுவும் அடித்தது. மாஸ்டர் டிம்மில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

முன்னால் பார்த்தார். வெளிச்சம் ரோட்டில் விழவில்லை. மரங்களின் உச்சியில் விழுந்தது.

பின்னால் பாரம் ஏறினால் மூக்கு மேலே தூக்கும். மாணவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. வளைவில் திருப்பினார். பின்னாலிருந்து...

சர்ர்ர்...

டயர் மட்கார்டில் உரசும் சத்தம்.

நிறுத்தினார். இறங்கினார். காலையில் பின்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. இப்போது நாலு விரல்கூட நுழையவில்லை.

போன் வெளிச்சத்தைப் பின்தொட்டிக்குள் அடித்தார்.

காலி.

குடை மட்டும் இருந்தது. நடுவில் கிடக்கும் குடை. இப்போது ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது... உட்கார இடம் விட்டு.

ஓடிப்போய் ஏறினார். கதவைச் சாத்தினார்.

தலைக்கு மேலே, கூரையில்...

தட்... தட்.

பின்னால் ஏறியவர்கள் டிரைவருக்குச் சொல்வது.

எல்லாரும் ஏறியாச்சு. போகலாம்.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று கேட்டால் மாஸ்டர் இன்றும் பதில் சொல்ல மாட்டார்.

காலையில் மனைவி வாசல் கூட்டப் போனவள் நின்று பார்த்தாள். "இப்பதாங்க வண்டி வண்டி மாதிரி நிக்குது. சரி பண்ணிட்டீங்களா?"

மாஸ்டர் பட்டறைக்குப் போனார். ஸ்பிரிங் அக்கா டேப்பை வைத்து அளந்தாள். திரும்ப அளந்தாள்.

"சரியா முந்நூறு. என்னத்த ஏத்தியிருக்கீங்க?"

பின்கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கிப் பட்டைகளைக் கழற்றினாள். உடையவில்லை. வளைவு புதிதில் இருந்தபடியே இருந்தது. மாட்டினாள். ஜாக்கியை மெதுவாக இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டது. பின்பக்கம் ஒரு முனகலோடு இறங்கி... உட்கார்ந்தது.

"நீங்க சொன்ன வெயிட்டுக்குக் கரெக்டா உக்காந்திருக்கு மாஸ்டர்."

"நான் எதையும் ஏத்தறதில்லம்மா. அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். இப்ப யார ஏத்துனீங்க?"

"யாரையும் ஏத்தல. ஏத்த மாட்டேன்னு சொன்னேன்."

அவள் வண்டியை விட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஷாக்கில் ஆயில் ஒழுகவில்லை என்பதிலிருந்து. அவன் சிரிக்கவில்லை.

"ஒரு ஆளு, ரெண்டு பொம்பளைங்களா?"

"ஆமா."

"கடைசி வண்டிகிட்டதான் கேப்பாங்க மாமா. அதான் நான் கடைசியா வருவேன். பேசாம ஏத்திக்குவேன். திரும்பிப் பாக்க மாட்டேன். அக்கரை ஏறுனதும் பின்பக்கம் லேசாயிரும்."

"யாருடா அவங்க?"

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வெள்ளத்துல போனவங்க. அன்னிக்கு ஒரு வண்டியும் ஏத்தலையாம். நடந்தே ஆத்துல எறங்கிட்டாங்க."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஏத்த மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?"

"தெரியாது மாமா. அவங்க செத்ததுக்கு அப்புறம் மாட்டேன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

சாவியைக் கேட்டான். தானே ஓட்டிப்போய் அக்கரையில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

வண்டியின் பின்பக்கம் மெதுவாக எழுந்தது. பழையபடி தூக்கிக்கொண்டு நின்றது.

அவன் இறங்கினான்.

பின்பக்கம் உட்கார்ந்தது.

சாவியை அவர் கையில் வைத்தான். "உங்களத்தான் கேக்கறாங்க மாமா."

மூன்று பேர் எப்படி முந்நூறு கிலோ வருவார்கள் என்று மாஸ்டருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் வாயால் சொன்ன எண் அது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் தனியாக ஆற்றுக்குப் போகிறார். முன்சக்கரங்களைத் தண்ணீரின் ஓரத்தில் வைக்கிறார். கால் பிரேக்குக்குப் போகிறது. முழங்கால் ஆடுகிறது.

"இன்னிக்குத் தண்ணி ஜாஸ்தியா இருக்கு," என்கிறார், திரும்பிப் பார்க்காமல். "அடுத்த வாரம்."

பின்னால் யாரும் எதுவும் சொல்வதில்லை. ரிவர்ஸ் எடுத்து ரோட்டுக்கு வந்ததும் கூரையில் சத்தம் கேட்கும்.

தட்... தட்.

இப்படியே மழைக்காலம் போனது. பனி போனது. வெயில் ஏறியது.

போன ஞாயிறும் போனார். ஐந்து மணி பத்து நிமிடம். கற்களுக்கு நடுவில் தண்ணீர் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால்கூட நனையாது. அக்கரையில் மண் காய்ந்து வெளுத்திருந்தது.

முன்சக்கரங்களை ஓரத்தில் வைத்தார்.

கால் பிரேக்கில்.

முழங்கால்...

சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தலைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னல் மெதுவாக நகரும் சத்தம். கழுத்தில் ஈரக் காற்று.

அன்று ஜன்னலருகே கேட்ட அதே குரல். கோபமே இல்லாத குரல்.

"தண்ணிதான் வத்திப்போச்சே சார். இன்னிக்குப் போலாமா?"