நொட்டாங்கை கிளவுஸ்

என் ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு கிளவுஸ் தொங்குகிறது. ஒரே ஒரு கிளவுஸ், தவலை மூடி அளவுக்கு அகலம். கடைக்கு வருகிறவர்கள் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே அதைப் பார்ப்பார்கள். யானையின் பாதமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேஸ்பால் கிளவுஸ் என்று சொன்னால் கிரிக்கெட் கீப்பருக்கா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கத் தொடங்கினால் நான் முட்டாளான கதையிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுப்பவருக்கு அவ்வளவு சொல்ல முடியாது. இன்று காலையில் அதைத் தூசி தட்டி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். அக்கா போன் செய்திருந்தாள். “டேய், அத எடுத்து வை. சாயங்காலம் வர்றேன்.”

அக்காவுக்கு அது ஏன் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆம்பூரில் ஒரே கம்பெனியின் தையல் லைனில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று அவளுக்கும் அவள் வயதில் உள்ள மற்றப் பெண்களுக்கும் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்’ என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்ட தாள். கேட்டால், நியூஸ் பார்க்கவில்லையா என்கிறார்களாம். வெளிநாட்டில் நம் சரக்குக்கு வரியைக் கூட்டிவிட்டான், ஆர்டர் கம்மி, நாங்கள் என்ன செய்வது. இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். கம்பெனி ஆபீஸ் மெஷின் ரிப்பேர் என்று கிளார்க் ஓடி வந்தார். நான் தலைப்பில் ‘விண்ணப்பம்’ என்பதை மட்டும் படித்தேன், பட்டனை அழுத்தினேன். முழுதாகப் படிக்காமல் வேலையை முடித்துவிடுவது என் பழைய வியாதி. இந்தக் கிளவுஸ் பிறந்ததே அந்த வியாதியால்தான்.

அக்கா நொட்டாங்கைக்காரி. பிறந்ததிலிருந்து இடது கைதான். எங்கள் வீட்டில் அது ஒரு குற்றமாகவே பார்க்கப்பட்டது. அம்மா அவள் இடது கை மணிக்கட்டில் துணியைச் சுற்றிவிடுவாள், அக்கா அந்தத் துணியை இடது கையாலேயே பிரித்துவிடுவாள். எனக்கு வேறு எந்தத் திறமையும் இல்லாததால், தம்பியைப் பார், எவ்வளவு அழகாக வலது கையால் சாப்பிடுகிறான் என்று என்னைக் காட்டிப் புகழ்வார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான். பெண் பார்க்க வந்தபோது இடது கையால் காபியை நீட்டி இரண்டு வரன்களைத் துரத்தினாள். மூன்றாவதாக வந்தவர் காபியை வாங்கிக்கொண்டு, சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார். அவர்தான் மாமா. முழங்கை இடிக்கக் கூடாது என்று இன்றைக்கும் பந்தியில் அவளுக்கு வலது பக்கமாகப் பார்த்து உட்காருவார். அவ்வளவுதான் அவர் செய்த ஏற்பாடு. அது எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் நானும் அதே கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தேன். பர்மனென்ட் ஆக ஒரு மாதம் பாக்கி. ஷூவுக்கும் வேலைக்காரர் கையுறைக்கும் வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்குத் திடீரென்று ஒரு சாம்பிள் ஆர்டர் வந்தது, பேஸ்பால் கிளவுஸ். மாதிரிக்கு ஒன்றும் அனுப்பவில்லை. தோலின்மேல் வைத்து வெட்டும் பேட்டர்ன் அட்டைகளும் ஒரு தாளும் மட்டும் வந்தன. தாளில் ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்று இருந்தது. நான் ரைட் ஹேண்ட் வரைக்கும் படித்தேன். ஷூவுக்கு வெட்டும்போது அட்டையை ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை திருப்பியும் போடுவோம், வலது கால், இடது கால். இதற்கு ஒரு கைதான். எந்தக் கை என்று சந்தேகம் வந்தபோது பிரிவே கூடிப் பேசினோம். சோறு எடுக்கும் கைதான் பந்தும் எடுக்கும் என்று முடிவானது. நல்ல காரியத்துக்கு யாராவது இடது கையை நீட்டுவார்களா? அட்டைகள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, வலது கைக்கென்று வெட்டித் தள்ளினேன்.

தைக்க வந்தது அக்காவின் லைனுக்கு. முதல் கிளவுஸை முடித்ததும் அவள் அதை வலது கையில் மாட்டி, இடது கையால் ஒரு நூல்கண்டைத் தூக்கிப்போட்டுப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். “டேய், இது எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது. எனக்குச் சரியா இருந்தா ஊருக்குத் தப்பாத்தான் இருக்கும். பந்த இதுல புடிச்சிட்டான்னா, திருப்பி எறிய நல்ல கை வேணாமா அவனுக்கு? அட்டைய ஒரு தபா பாரு.” நான் பார்க்கவில்லை. மாறாக அதை ஜோக்காக்கிப் பிரிவு முழுதும் சொன்னேன். நொட்டாங்கை யோசனை என்று பெயரும் வைத்தேன். அன்று எனக்கு நல்ல சிரிப்பு கிடைத்தது.

சென்னையிலிருந்து சரக்குப் பார்க்க வந்த ஏஜென்ட் ஒன்றை எடுத்து இடது கையில் நுழைத்தார். கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் போனது. அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். வலது கையால் எறிபவன் இடது கையில் மாட்டுவானாம். தாளில் அதுதான் எழுதியிருந்தது, நான் படிக்காத அந்தக் கடைசி வார்த்தையில். மேனேஜருக்குப் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டது. லைனில் நடந்துபோனவரின் கண்ணில் இடது கையால் கத்திரி பிடித்திருந்த அக்கா பட்டாள். “நொட்டாங்கைய வெச்சித் தெச்சா மாறாம இன்னா பண்ணும்?” என்றார். எப்படித் தைத்தாலும் வலது கைக்கு வெட்டிய தோல் இடது கைக்கு ஆகாது. அது அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளான நான் குனிந்து, தீட்டின கத்தியையே மறுபடி தீட்டிக்கொண்டிருந்தேன். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு அக்கா ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், வேலையையும் விட்டுவிட வேண்டும். மறுநாள் பதினொரு மணிக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் புயல். எங்களுக்குக் கடல் கிடையாது. புயல் சென்னைப் பக்கம் கரையைக் கடந்து, களைத்து, ஓய்வெடுக்க எங்கள் ஊருக்கு வரும். பள்ளிக்கூட லீவைத் தவிர அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. அதனால்தான் எல்லோரும் தைரியமாக வேலைக்கு வந்திருந்தோம். அந்த வருடம் அது களைக்காமல் வந்துவிட்டது. பத்து மணிக்கு கரண்ட் போனது. மெஷின்கள் நின்றதும் கூரை ஷீட்டுகள் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டுக்கு வெளியே வேப்பமரம் சாய்ந்து பாதையை அடைத்தது. வருடம் முழுதும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் தண்ணீர் கரை தொடுகிறது, பஸ் இல்லை என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். லைன் ஆட்கள் மொத்தப் பேரும், ஒழுகாத ஒரே இடமான குடோனில் போய் நின்றோம். அங்கே இருந்தவை ரிஜெக்ட் ஆன கிளவுஸ் பெட்டிகள்.

பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் ஒரு பெட்டியைப் பிரித்தாள். ஆளுக்கொன்றாகக் கிளவுஸைத் தூக்கிப் போட்டாள். தோல் துண்டுகளை உருட்டி நூலால் இறுக்கிச் சுற்றி ஒரு பந்து செய்தாள். வட்டமாக நிற்கச் சொல்லி, பிடிக்கணும், எறியணும், அவ்வளவுதான் ஆட்டம் என்றாள். பிடிப்பதில் எங்களுக்குச் சிரமம் இல்லை. வலது கை கிளவுஸுக்குள் மாட்டிக்கொண்டதால் எறிய மிச்சம் இருந்தது இடது கைதான். பாதிப் பேர் எறிந்தது காலடியில் விழுந்தது. என் பந்து பக்கவாட்டில் போய்த் தீயணைக்கும் மணல் வாளியில் விழுந்தது. அத்தனை பேரில் அக்கா ஒருத்தி எறிந்ததுதான் விர்ரென்று நேராகப் போனது. சிரிப்புச் சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். அக்கா அவரிடமும் ஒன்றை நீட்டினாள். ஏனோ அவரும் மாட்டிக்கொண்டார். அவள் மெதுவாகப் போட, பிடித்தும் விட்டார். “இப்ப எறிங்க சார்” என்றாள். இடது கையால் பந்தை எடுத்து, நன்றாகக் கையை ஓங்கினார். பந்து அவருக்குப் பின்னால் போனது.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அக்காதான் பேசினாள். “பொறந்ததுலேர்ந்து எனக்கு எல்லாமே இப்படித்தான் சார் இருக்குது. கத்திரி, மெஷினு, ஸ்கூல் பெஞ்சு, எல்லாமே. நீங்க அஞ்சு நிமிசம் பேஜார் ஆய்ட்டீங்க. நான் இதோடவே உக்காந்து நேராத் தெச்சிருக்கேன். நான் தெச்சதுல ஒரு தையல் தப்புன்னு காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். வீரன்போல முன்னால் வந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, மனசாட்சிக்கும் ஒரு கணக்குத் தீரும் என்று கடைசி வரிசையில் நின்று முணுமுணுக்கத்தான் போனேன். சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று வாய் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. “அட்டையத் திருப்பிப் போட்டது நான்தான் சார்” என்பது குடோனின் நான்கு சுவரிலும் அடித்துத் திரும்பியது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அக்கா கையெழுத்துக்கென்று வைத்திருந்த தாளை மேனேஜரிடம் வாங்கி, பின்பக்கம் திருப்பி, இடது கையால் எழுதினாள்: வெட்டிக் கொடுத்ததைத் தைத்தேன். சரியாகத் தைத்தேன். கீழே கையெழுத்து. மேனேஜர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அவள் தன் மெஷினுக்குப் போனாள். எனக்கு பர்மனென்ட் வரவில்லை. சில மாதத்தில் நானே வெளியே வந்து இந்தக் கடையைப் போட்டேன். ஜெராக்ஸில் ஒரு வசதி, என்னைப் போன்றவன் எப்படி வைத்தாலும் வலது வலதாகவே வரும். கடை திறந்த அன்று அக்கா ஒரு கிளவுஸோடு வந்தாள். “நீ வெட்டினது. நீயே பாத்துனு இரு” என்று சொல்லி, ஆணியையும் அவளே அடித்துவிட்டுப் போனாள், சுத்தியலை இடது கையில் பிடித்து.

செல்போன் வந்த பிறகு அவளுக்கு பேஸ்பால் பைத்தியம். அதை ஆடுகிற நாட்டில் ராத்திரி ஆட்டம் நமக்குக் காலை டீ நேரம். எந்த டீம், எத்தனை ரன் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். “டேய், இன்னிக்கி நம்மாளு எறியறான்” என்று போன் செய்வாள். நம்மாளு என்றால் இடது கையால் பந்தை எறியும் எவனும். உலகத்தில் எங்கே பிறந்திருந்தாலும் அவன் அவளுக்குச் சொந்தம். அந்த ஊரில் நொட்டாங்கைக்காரனைத் தேடிப் பிடித்து டீமில் சேர்க்கிறார்களாம். இதை மட்டும் அம்மாவிடம் சொல்ல முடியாமல் போனதில் அவளுக்கு வருத்தம்.

இன்றும் டிவியில் புயல். சிவப்பு எச்சரிக்கை, வெளியே வராதீர்கள் என்று ஒரு பையன் குடை திரும்பிக்கொள்ள நனைந்துகொண்டே கத்துகிறான். அக்கா கம்பெனி கேட் முன்னால் உட்காரப் போகமாட்டாள் என்று என் மனைவிதான் நம்பினாள். ஐந்து மணிக்கு அக்கா ரெயின்கோட்டும் தலையில் பிளாஸ்டிக் பையுமாக வந்து நின்றாள். வெளியே ஆட்டோவில் அவள் லைன் பெண்கள் இன்னும் மூன்று பேர். இந்த மழையில் கேட் முன்னால் உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது, வரியைப் போட்டவனுக்கா கேட்கும் என்று கேட்டேன். “அவனுக்கு எதுக்குடா கேக்கணும்? விருப்பப்பட்டுப் போறேன்னு எழுதினவனுக்குக் கேட்டா போதும். எனக்கு விருப்பம் இல்ல. அத நான்தானே சொல்லணும்” என்று சொல்லி, ரெயின்கோட்டுக்குள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்தாள். இடது பக்கம் சாய்ந்த அதே எழுத்து. நான் அதைத் தலைப்பிலிருந்து கையெழுத்து வரை இரண்டு தடவை படித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நான் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நானாக விலகவில்லை. விலகவும் மாட்டேன்.’ லைனில் எத்தனை பேரோ அத்தனை காப்பி எடுத்தேன்.

“இதையும் எடு” என்று கிளவுஸை ஆணியிலிருந்து கழற்றி மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். மூடி மூடவில்லை, அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கறுப்பாக ஒரு தாள் வந்தது. பேஸ்பால் தெரியாதவன் பார்த்தால் ஒரு பெரிய கை, எதிரில் வருபவனை நில் என்று சொல்கிற கை. பத்துப் பன்னிரண்டு எடுக்கச் சொன்னாள். காசு தருவதாகச் சொன்னாள், வாங்கியிருந்தால் என் மனைவி எனக்குச் சோறு போட்டிருக்க மாட்டாள்.

கிளவுஸை வலது கையில் மாட்டிக்கொண்டு, இடது கையால் ரெயின்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். கடையை மூடும் முன் மெஷினில் ஒரு தாள் மிச்சம் இருப்பதைப் பார்த்தேன். ஆணி சும்மா இருக்க வேண்டாம் என்று அதில் குத்தி வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடைக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். இது ஜெராக்ஸ்தான், ஒரிஜினல் கம்பெனி கேட்டில் இருக்கிறது என்று சொல்வேன்.