விரலுக்கு மட்டும் தெரிந்த எழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கையில் சின்ன அரம். முன்னால் கம்ப்யூட்டர் கீபோர்டின் கீகள், பிடுங்கிப் போட்ட பற்கள் மாதிரி. ஒன்றில்கூட எழுத்து இல்லை!

"எழுத்தெல்லாம் எங்கம்மா?"

"மொட்டை கீப்பா. பார்க்காம அடிக்கிறவங்களுக்கு. வேணும்னுதான் வாங்குனேன்."

"அப்ப என்னத்த தேய்க்கிற?"

"வெரலுக்கு எடம் தெரிய ரெண்டு கீயில மட்டும் பசையால மேடு வச்சேன். கொஞ்சம் தூக்கலா போச்சு."

அடி பெண்ணே... இந்த வேலையை உன் அப்பன் எழுபதுகளிலேயே பார்த்து, பட்டு, முடித்தவன்!

அப்போது இலங்கை மலையகத்தில், அட்டன் டவுனில் ஒரு டைப்பிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ஒரு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. மாஸ்டர் சோதனை வைத்து ஒருவரை அனுப்புவார். போட்டியில் இரண்டே பேர் – நானும், கணக்கப்பிள்ளை மகள் ஸ்டெல்லாவும். அவள் கூரையைப் பார்த்தபடி அடிப்பாள். நானோ கீயைப் பார்க்காமல் என் பெயரைக்கூட அடிக்க மாட்டேன்.

அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றே பழகியவர். "நம்ம பய உள்ள ஒக்காரப் போறான்" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், சோதனை மெஷினில் எல்லாக் கீகளுக்கும் கறுப்பு ரப்பர் மூடி போட்டிருக்கும். எட்டிப் பார்க்க வழியில்லை. மூடிகளில் அழுக்கு என்றார் மாஸ்டர். "நான் கழுவிட்டு வாரேங்க!" என்று முந்தினேன். என் சேவை மனப்பான்மையில் மனிதர் நெகிழ்ந்துபோனார்.

வீட்டில் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி தீட்டும் அரம், பாதி பிளேடு, ஒரு கோணி ஊசி. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு மூடியிலும் ஓர் எழுத்தைச் செதுக்கினேன். ஏ, பி, சி... இருபத்தாறும்! கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அரத்தின் பல்லெல்லாம் ரப்பர் அடைத்துக்கொண்டது.

"போனா போவட்டும்டா. ஆபீஸ் வேலைன்னா சும்மாவா?" என்றார் அப்பா.

சோதனை நாள். மூடிகளைப் போட்டு வைத்த டின்னைக் கொடுத்தேன். மாஸ்டர் அதை வாங்கி ஸ்டெல்லாவிடம் நீட்டினார், மாட்டச் சொல்லி. அவள் கைக்கு வந்ததை வந்த இடத்தில் செருகினாள்.

"எல்லாம் மொட்டதானேங்க மாஸ்டர், எத எங்க மாட்டுனா என்ன?"

இரண்டு நாள் செதுக்கினேனே, மூடி இடம் மாறும் என்று தோன்றியதா? "அது ஏ, இடது பக்கம் மாட்டு" என்று வாய் திறந்து சொல்லத்தான் முடியுமா?

விரலை மட்டும் நம்பி அடித்தேன். மாஸ்டர் தாளை உருவி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து...

"ஏன் தம்பி, தொரைய இங்கிலீசுல திட்டியிருக்கியா?"

அடுத்து ஸ்டெல்லா. "மூடிக்கெல்லாம் சொறி புடிச்சிருக்குங்க மாஸ்டர்" என்றாள். பிறகு கூரையைப் பார்த்தாள், படபடவென்று அடித்தாள். வேலை அவளுக்கு!

ரோடு வளையும் முடக்கில், விசேஷத்துக்குப் போடும் வெளுத்த சட்டையோடு அப்பா காத்திருந்தார். வீடு போய்ச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் அரத்தை எடுத்துக் கட்டை விரலால் தடவினார்.

"அரமும் போச்சு... ஆபீசும் போச்சு."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். சட்டையை மட்டும் வெகுநேரம் கழற்றவில்லை.

செதுக்கிய அந்த இரண்டு நாளில் டைப்பிங்கையே கற்றிருக்கலாம், இல்லையா? குறுக்கு வழிக்குத்தான் நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்!

கதையைக் கேட்ட மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கீகளை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே மாட்டுங்கப்பா. எல்லாம் மொட்டதானே, எத எங்க மாட்டுனா என்ன?"

மேடு வைத்த இரண்டையும் மற்றதோடு கலந்துவிடாமல் முதலில் பொறுக்கி, என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.