ஒத்தக்கையும் மெத்தைக்காரனும்

எங்கள் தெருவில் ஒத்தக்கை என்றால் எல்லோருக்கும் தெரியும். புதிதாகத் துணி கொண்டுவருகிறவர்கள் மட்டும், அவளுடைய இன்னொரு கை எங்கே போயிற்று என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு நாக்கு மூன்றாவது கை மாதிரி நீளும்.

கடை போடுவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் சட்டைக் கம்பெனியில் இருந்தாள். அங்கே ஒருத்தி காலர் தைத்தால் சாகும்வரை காலர்தான். இவளுக்கு வாய்த்தது இடது கை. ஒன்பது வருஷமும் சட்டைக்கு இடது கை மட்டும் தைத்தாள். எதிர் வரிசையில் வலது கை தைத்தவளோடு சண்டை, அதனால் அது எப்படிப் பொருந்துகிறது என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மணி அடித்தால் மிஷினை மிதிக்க வேண்டும், மறுபடி அடித்தால் நிறுத்த வேண்டும். வேலையை இவள் விட்டாள், மணி இவளை விடவில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இருந்தபோது அவர் பேசவில்லை, போன பிறகு வீடு பேசவில்லை, பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வாய் சும்மா இருக்க மாட்டாமல்தான் ஒத்தக்கையின் கடையில் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். ஒரு கார் நிற்கிற அளவு இடம். ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை, நூல் அலமாரிக்கு மேலே ஒரு டிவி. டிவியில் ஏதோ ஒரு ஆப் வழியாக ஒரே தொடர் ஓடும். அதில் ஒருத்தி கோமாவில் படுத்திருந்தாள். யாரோ மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். யார் தள்ளினார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக நாற்பது பாகமாக நாங்களும் அவளோடு படுத்துக் கிடந்தோம்.

நடுநடுவே விளம்பரம் வரும். தடியன் ஒருவன் ஓடி வந்து மெத்தையில் குதித்து, "நிம்மதி" என்பான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை குதிப்பான்.

"இவன் இடுப்பு உடைய. மெத்த கிழிய. பஞ்சு பறந்து இவன் மூக்குல ஏற," என்று திட்டிக்கொண்டே ஒத்தக்கை மிஷினை மிதிப்பாள். அவன் போகிற வரைக்கும் வசவும் ஓடும், தையலும் ஓடும்.

கடைக்கு வருவதெல்லாம் கிழிசல்தான். ஜிப் மாற்று, ஓரம் மடி, இடுப்பைப் பிடி. முழு உடுப்பு தைக்க யாரும் கொடுத்ததில்லை. அப்படி இருக்கையில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய நர்ஸம்மா வந்து, வெட்டி வைத்த முப்பது வெள்ளைக் கோட்டுகளை மூட்டையாக இறக்கினாள்.

"வெள்ளிக்கிழம நாலு மணி. அஞ்சு மணிக்குப் புது வார்டு திறக்கறாங்க, முப்பது பேரும் கோட்டோட நிக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த தடவ பெரிய கடைக்குத்தான்."

அவள் போன பிறகு ஒத்தக்கை மூட்டையைத் தடவிப் பார்த்தாள். "பெரியம்மா, முழுசா. காலர், பை, ரெண்டு கையும். எல்லாம் நானே."

"வலது கைய எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும், போங்க." தெரியும்தான். இடது கை ஒரு விளம்பரத்தில் முடிந்துவிடும், வலது கைக்கு மட்டும் இரண்டு விளம்பரம் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்தொன்பது கோட்டு முடிந்தது. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரன் வந்தான். லிப்ட் பழுது பார்க்கிறவன், நல்லவன். நல்லவர்கள்தான் குடியைக் கெடுப்பார்கள்.

"இந்தா புள்ள, விளம்பரமே வராத திட்டத்துல சேர்த்துட்டேன். இனி நீ தொண்ட கிழியக் கத்த வேணாம்."

அவள் வெட்கப்பட்டாள். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் ஆள் எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு துடைப்பம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடை கோயில் மாதிரி அமைதி. மெத்தைக்காரன் இல்லை. தொடர் தண்ணீர் மாதிரி ஓடியது. இரண்டு நாளில் முடிந்தது ஒரே ஒரு கோட்டு.

"அடியே, கால மிதிடி."

"மிதிக்கிறேன் பெரியம்மா. வர மாட்டேங்குது."

டிவியை அணைத்துப் பார்த்தோம். அவள் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தோம். கோமாவில் கிடக்கிறவளை நிறுத்தினால் என்ன, ஓடவிட்டால் என்ன, வித்தியாசமே தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் படம் நிற்கிறது என்பதே எங்களுக்கு ஞாபகம் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் தொடரே காணாமல் போயிற்று. திரையில் கறுப்பில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது, படிக்கச் சொன்னேன்.

"தொடர் எடுத்தவங்களுக்கும் ஆப்காரங்களுக்கும் தகராறாம். ஒப்பந்தம் முடிஞ்சு போச்சாம். தூக்கிட்டாங்களாம்."

"அவங்க சண்டைக்கு நம்ம கோமாக்காரி என்னடி பண்ணுவா?"

"வெள்ளிக்கிழம மூணு மணிக்குக் கடைசிப் பாகம் பெரியம்மா. அன்னிக்குத்தான் கண்ணத் திறக்கறா."

அந்த ஆப் கம்பெனிக்குப் போன் போட்டாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு குரல் சொன்னது. பிறகு பாட்டு. பிறகு விளம்பரம். போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தோளில் இடுக்கிக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். நான் பொத்தானைக் கையில் வைத்தபடி கீழே பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலர் ஒன்று தானாக முடிந்து மடியில் விழுந்தது.

"அடியே, உன் காலப் பாருடி."

பார்த்தாள். போனில் விளம்பரம் நின்று பாட்டு வந்தது, கால் நின்றது. மறுபடி விளம்பரம் வந்தது, கால் ஓடியது.

"ஐயையோ பெரியம்மா," என்றாள். "சட்டைக் கம்பெனி மணி."

அப்புறம் சிரிக்கத் தொடங்கினோம். அவள் மூக்கில் தண்ணீர் வந்தது, எனக்கு வேறு எங்கோ வந்தது, வயசாகிவிட்டது. அவள் வீட்டுக்காரன் ஓடி வந்து, "தூக்கின தொடர் வேற ஆப்புல வருதாம். ஓசிதான். ஆனா நாலு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம், தாண்டவும் விட மாட்டான். நாறடிச்சிருவான், வேணாம்," என்றான்.

"போடு," என்றோம் இருவரும்.

அடேயப்பா, மெத்தைக்காரன் வந்தான். ஒரு தடவை குதித்தால் போதாதென்று அடுத்தடுத்து மூன்று தடவை குதித்தான். ஒத்தக்கை வாயில் வரக் கூடாததையெல்லாம் சொல்லி அவனை வாழ்த்தினாள், மிஷின் அடுப்பு மாதிரி சூடேறியது. எனக்குப் பொத்தான் தைத்து விரல் மரத்துப்போயிற்று. அந்த இரண்டு நாளும் அந்தத் தடியனை நினைத்த அளவுக்கு என் வீட்டுக்காரரை நான் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்குப் பெரிய நர்ஸம்மா வந்தாள். இருபத்தொன்பது கோட்டு மடித்துத் தயாராக இருந்தது. முப்பதாவதுக்கு ஒரு கை பாக்கி. வலது கை.

"நாலு மணி வர நேரம் இருக்கு, தைங்க," என்று உட்கார்ந்தவள் டிவியைப் பார்த்தாள். "இவ ஏன் படுத்திருக்கா?"

சொன்னேன். "கோமான்னா இப்படியா படுப்பாங்க? மூக்குல குழாயே இல்ல," என்றாள். ஆனால் நாற்காலியைத் திரைப்பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

கடைசிப் பாகம் என்பதாலோ என்னவோ, பாவிகள் விளம்பரமே போடவில்லை. மூன்றரை. மூன்றே முக்கால். வலது கை மிஷின் ஊசிக்கு அடியில் செத்த மீன் மாதிரி கிடந்தது. ஒத்தக்கை தன் காலையே ஓங்கி அடித்துப் பார்த்தாள்.

"மெத்தக்காரா, எங்கடா போன? வாடா கண்ணு," என்று கெஞ்சினாள்.

நான் டிவியை அணைக்கப் போனேன். "தொட்டீங்கன்னா தெரியும்," என்றாள் நர்ஸம்மா, கண்ணை எடுக்காமல்.

எனக்கு ஒரு யோசனை. அந்தப் பழைய ஆப் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னேன். காத்திருக்க வைப்பார்கள், விளம்பரம் வரும், கால் ஓடும். அன்றைக்கென்று முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்து, "சொல்லுங்க மேடம், என்ன உதவி வேணும்?" என்றாள். "எங்கள காக்க வைம்மா," என்றேன். அவளுக்குப் புரியவில்லை, வைத்துவிட்டாள்.

மூன்று ஐம்பதுக்குக் கோமாக்காரி கண்ணைத் திறந்தாள். நர்ஸம்மா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கோமாக்காரி வாயைத் திறந்தாள். "என்னைத் தள்ளியது," என்றாள்.

மெத்தைக்காரன் ஓடி வந்து குதித்தான்.

"சனியன் பிடிச்சவனே, உனக்கு நேரம் காலம் கிடையாதாடா?" என்று நர்ஸம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

ஒத்தக்கை திட்டவில்லை. திட்ட நேரமில்லை. மிஷின் அலறியது. தோளில் ஆரம்பித்து, வளைவில் திரும்பி, அக்குளில் வந்து சேர்ந்தாள். "நிம்மதி" என்று அவன் மெத்தையிலிருந்து எழுவதற்குள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"பெரியம்மா," என்றாள் மூச்சு வாங்க, "வலது கை. ஒரே விளம்பரத்துல."

கோட்டை என்னிடம் எறிந்தாள். கடைசிப் பொத்தான்கள் என் பொறுப்பு. கோமாக்காரி மறுபடி வந்து, "என்னைத் தள்ளியது யாரென்று எனக்கு ஞாபகம் இல்லை," என்றாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளைத் திட்டியது நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும்.

நாலு மணிக்கு நர்ஸம்மா முப்பதையும் எண்ணி எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "அடுத்த மாசம் டாக்டருங்க கோட்டு இருக்கு. நீங்களே தைங்க," என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்த ஓசி ஆப்பின் பெயரைக் கேட்டுக்கொண்டாள்.

ஒத்தக்கைக்கு இன்றுவரை தெரியாத ஒன்று உண்டு. கடைசிக் கோட்டில் நான் அடிப்பொத்தான் தைக்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டை அன்றைக்கு வார்டு திறப்புக்குப் போட்டுக்கொண்டு போனது நர்ஸம்மாவேதான்.