எட்டாம் நாளில் கறுத்த ஒயில்

கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. சந்தியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்தான் அதைப் பார்த்துவந்தான். அவன் முல்லைத்தீவுக் கரையோரத்து ஆள். நாங்களோ யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்தவர்கள். அவன் எங்களில் ஒருவன் இல்லை என்பதே அவனைச் சந்தேகிக்க எனக்குப் போதுமாயிருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஒருமுறை அவன் இயந்திரத்துக்கு ஒயில் மாற்றித் தந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துணியில் துடைத்தேன். கரிக்கறுப்பு. புது ஒயில் தேன் நிறமல்லவா? அப்படியானால் என் புது ஒயில் வேறு யாருடைய இயந்திரத்துக்கோ போயிருக்கிறது. அவனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சங்கக்கடை வாசலில் நின்ற உழவு மிசின்காரரிடம் சொன்னேன்.

"பழசைத்தான் திருப்பி ஊத்துறான். உங்கட மிசினுகளையும் கவனமாப் பாருங்கோ."

வாத்தியார் சொன்னால் அங்கே யாரும் சாட்சி கேட்பதில்லை. மிசின்கள் அவனுடைய பட்டறையைத் தாண்டி வவுனியாவுக்குப் போகத் தொடங்கின.

அடுத்த முறை நானே மாற்றுவதென்று முடிவு செய்தேன். தண்ணீர் வற்றிய சின்ன வாய்க்கால் ஒன்றின் இரு கரையிலும் சில்லுகள் நிற்கக் காரை நிறுத்திவிட்டு, அடியில் புகுந்து படுத்தேன். மனைவி கரையில் நின்றாள்.

"என்னப்பா, உடும்பு பிடிக்கிறவர் மாதிரிக் கிடக்கிறியள்? அந்த மனிசனெண்டால் இவ்வளவுக்கு முடிச்சிருப்பார்."

"கள்ளனைக் கூப்பிடச் சொல்லுறீரோ?"

"களவெடுத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

 அடியிலிருந்த ஆணி கழன்றதும் சூடான ஒயில் முழங்கைவரை வழிந்து சுட்டது. பிறகு புது ஒயில் ரின்னை என் கையாலேயே உடைத்து ஊற்றினேன். வேறொருவரையும் காரில் கைவைக்க விடவில்லை.

எட்டாம் நாள் கம்பியை இழுத்தேன். அதே கறுப்பு.

ரின் விற்ற கடைக்காரனைக்கூட ஒரு கணம் சந்தேகித்தேன். பிறகு விளங்கியது. பழைய இயந்திரத்தின் உள்ளே படிந்த கரி எந்தப் புது ஒயிலையும் கறுப்பாக்கிவிடும். அவன் களவெடுக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை கண்ட வெள்ளை உடுப்போடு அவன் வந்தான். கூடவே மிசின்காரர் இருவர்.

"மாஸ்ரர், நீங்களே ஒயில் மாத்தினீங்களாம். எத்தினை நாள்?"

"எட்டு."

"கம்பியை ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ. தேன் மாதிரியிருந்தால் நான் கள்ளன். கறுத்திருந்தால், அதை இவைக்கு உங்கட வாயாலயே சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

நான் காரின் முன்மூடியில் சாய்ந்துகொண்டேன்.

"என்ர வளவுக்குள்ள வந்து எனக்கே சோதினை வைக்கிறியோ? தேன் மாதிரித்தான் கிடக்கு. போ."

அவன் சாய்ந்து நின்ற என்னையும் மூடியையும் பார்த்தான்.

"சரி மாஸ்ரர். நீங்கள் படிச்ச ஆள்."

மாரி மழை தொடங்குமுன் பட்டறையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டான். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று வந்த மிசின்காரர் இருவரில் ஒருவராவது "திறந்து காட்டுங்கோவன்" என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் பொய். காட்டியிருக்க மாட்டேன்.